சம்பந்திகளோடு மூன்று நாள்

என் சம்பந்தி ரமோன் மணிலாவில் முப்பது வருடம் ஜீப்னி ஓட்டியவர். ஜீப்னி என்பது நம்மூர் மினிபஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் ஒரு வண்டி. பத்துப் பேர் உட்காருகிற இடத்தில் இருபது பேர் இடித்துக்கொண்டு போவார்கள் என்று அவரே சொன்னார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே ஐம்பது வயதுக்கு மேல். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் பாடம் எடுக்கப் போய் வருவேன். மூன்று வருடமாக அதே ரோடு, அதே வேகம். அப்படிப்பட்ட நான் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, போன நவம்பரில் மூன்று நாள் எங்கள் மாவட்டத்தைச் சுற்றி வந்தேன்.

ஏன் சுற்ற வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அருள் எங்களுக்கு ஒரே மகன். துபாயில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அங்கே நர்ஸாக இருந்த மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக இரண்டு வருடத்துக்கு முன் சொன்னான். அவர்களும் எங்களைப் போலக் கத்தோலிக்கர்கள்தான். அதைச் சொன்னால் அப்பாவின் கோபம் தணிந்துவிடும் என்று நினைத்தான். என் கணவர் சவரிமுத்துவின் வருத்தம் அதில் இல்லை. "முடிவு பண்ணிட்டுச் சொல்றான். கேக்கலையே" என்றார். கல்யாணம் மணிலாவில் நடந்தது. அவர் போகவில்லை. அவர் போகாததால் நானும் போகவில்லை. அன்றிலிருந்து மகனோடு அவருக்குப் பேச்சில்லை. நான் போனில் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எழுந்து கொல்லைக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். மழை நாளிலும் ஊற்றுவார்.

ஆறு மாதப் பேரனைத் துபாயில் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், மரிசெல்லின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வர ஆசைப்படுவதாக அருள் சொன்னான். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னபோது, "வரட்டும். விருந்தாளிய வேணாங்க முடியாது. என்னைய மட்டும் பேசச் சொல்லாத" என்றார்.

வந்தார்கள். சம்பந்தி அம்மாளின் பெயர் லூர்டெஸ். எங்கள் தெருவிலேயே மூன்று லூர்து இருக்கிறார்கள். அன்று மாலையே அவரும் எனக்கு லூர்து ஆகிவிட்டார். என் கணவர் கைகூப்பி "வாங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவர், மறுநாள் காலை இட்லிக்குத்தான் வெளியே வந்தார். நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் சட்னிக் கரண்டியின் சத்தம் மட்டும் கேட்டது. இந்த வீட்டுக்குள் மூன்று நாள் தாங்காது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்தேன்.

"ஏங்க, வாரீகளா?" என்று கேட்டேன்.

"நீங்க போய்ட்டு வாங்க" என்றார். அவர் என் காரில் ஏறியதே இல்லை. பயமில்லை, பழக்கமில்லை என்பார்.

வாசலில் ரமோன் நேராக இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்து, மடியில் கிடந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். அவர்கள் ஊரில் டிரைவர் உட்காருவது இடது பக்கம். "முப்பது வருடம் உட்கார்ந்த இடம். இன்றைக்குத்தான் ஸ்டியரிங்கைக் காணவில்லை" என்றார் ஆங்கிலத்தில். பின் சீட்டில் லூர்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அதிக நேரம் நிற்கவில்லை. குன்றக்குடி ரோட்டில் முதல் வளைவு வந்ததுமே அவருடைய வலது கால் தரையை அழுத்துவதைப் பார்த்துவிட்டேன். அங்கே பிரேக் இல்லை. வாயைத் திறந்து அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கால்தான் பேசிக்கொண்டே வந்தது.

அந்த வருடம் மழை குறைவைக்கவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் கண்மாய்கள் தளும்பி நின்றன. குன்றக்குடி மலையடியில் செருப்பைக் கழற்றச் சொன்னதும் ரமோன் தன் புது ஷூவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பூக்காரப் பெண் அதைக் கவனித்துவிட்டு, "போய்ட்டு வரச் சொல்லுங்க டீச்சர். அத யாரு எடுத்துட்டுப் போயி என்ன பண்ணப் போறாக? எங்கூருல அம்புட்டுச் சின்னக் காலு ஆருக்கும் இல்ல" என்றாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்சம் மாற்றித்தான் சொன்னேன்.

நாங்கள் மேலே போனது கும்பிட இல்லை, ஊரைப் பார்ப்பதற்காகத்தான். உச்சியிலிருந்து பார்த்தால் எங்கள் சீமை வானம் பார்த்த பூமி என்று யாரும் நம்பமாட்டார்கள். பச்சைக்கு நடுவே கண்மாய் கண்மாயாக வெள்ளைத் தகடுகள். கீழே பாறையில் ஒரு மயில் தோகையை இழுத்துக்கொண்டு நடந்து போனது. லூர்து வெகுநேரம் நின்றார். "என் மகள் இதைப் பார்த்ததில்லை" என்று மட்டும் சொன்னார். கல்யாணம் ஆகி இரண்டு வருடமாகியும் மரிசெல் எங்கள் ஊருக்கு வரவில்லை. வரச் சொல்லி நாங்கள் கூப்பிடவில்லை. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மயிலையே பார்த்தேன்.

திருப்பத்தூரில் நான் எப்போதும் சாப்பிடும் மெஸ்ஸில் மதியச் சாப்பாடு. இவர்களுக்காகக் கைப்பையில் இரண்டு ஸ்பூன் கொண்டுபோயிருந்தேன். வாழையிலையைப் பார்த்ததும் ரமோன் சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார். அவர்கள் ஊரிலும் விசேஷ நாளில் வாழையிலையை விரித்து, சோற்றைக் குவித்து, கையால்தான் சாப்பிடுவார்களாம். ஸ்பூன் பையிலேயே கிடந்தது. பரிமாறுகிறவர் இரண்டாம் முறை மீன்குழம்பு ஊற்றிவிட்டு என்னிடம் குனிந்து, "அய்யாவுக்கு எந்த ஊரு டீச்சர்? நம்மாளு கணக்காவுல்ல பெசையிறாக" என்றார்.

சந்தைப் பக்கம் நடந்தபோது ரமோன் சட்டென்று நின்றுவிட்டார். எனக்குப் பழகிப்போன வாடை. அவருக்கு ஊர் வாசம். கருவாட்டுக்கடை. கண்ணை மூடிக்கொண்டு, "என் அம்மாவின் அடுப்படி" என்றார். ஒரு பொட்டலம் வாங்கினார். அடுத்த இரண்டு நாளும் கார் மணிலாவாகத்தான் இருந்தது.

அன்று மாலை எங்கள் அடுப்படியில் அவரே கருவாட்டைப் பொரித்தார். தொட்டுக்கொள்ள வினிகர் கேட்டார். இல்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பூண்டைத் தட்டிப் போட்டுச் சமாளித்தார். என் கணவர் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். இரண்டாவது துண்டை எடுக்கும்போது, என்னைப் பார்த்து, "யாரு பொரிச்சது?" என்றார்.

"சம்பந்திதான்."

தலையை ஆட்டினார். மூன்றாவது துண்டையும் எடுத்தார்.

இரண்டாம் நாள் வேட்டங்குடிக்குப் பறவை பார்க்கப் போனோம். கருவேல மரம் ஒவ்வொன்றிலும் துணி காயப்போட்டது போல நாரையும் கொக்கும். பறவைகள் கலைந்துவிடும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று சொன்னேன். லூர்து நம்பவில்லை. "குழந்தைகள்கூடவா?" என்று கேட்டார். குழந்தைகள்கூடத்தான் என்றேன். அவர்கள் தெருவில் புத்தாண்டுக்கு வெடிக்கிற வெடியில் வருடத்துக்கு ஒருவருக்காவது விரல் போகுமாம்.

திரும்பும்போது எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. கண்மாய்க் கரைமேல் போனால் தாமரை பூத்த இடத்தைக் காட்டலாம் என்று மெயின் ரோட்டை விட்டு இறக்கினேன். ரமோனின் வலது கால் இறுகியதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி ஓட்டினேன். நூறடி தாண்டியிருக்க மாட்டேன், பின் சக்கரம் களிமண்ணில் இறங்கிவிட்டது. மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது.

வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிதானமாக நடந்து வந்தாள். "அங்குட்டுப் போனா பொதைஞ்சிரும்னு சொல்லத்தான் வந்தேன். கண்ணாடிய ஏத்திவிட்டுப் போறீக, எப்புடிச் சொல்றது?" என்றாள்.

சாப்பாட்டுக்கு நேரமாகும் என்று சொல்ல வீட்டுக்குப் போன் செய்தேன். "எங்க நிக்கிறீக?" என்று கேட்டார் என் கணவர். சொன்னேன். வேறொன்றும் கேட்காமல் போனை வைத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. வண்டி மாட்டியதற்கு இல்லை.

ரமோன் அதற்குள் ஷூவைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை மடித்து, சக்கரத்தைச் சுற்றி மண்ணைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார். ஆட்டுக்காரப் பெண் கல் பொறுக்கிக் கொடுத்தாள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியவில்லை, ஆனால் வேலை நடந்தது. இரண்டு முறை வண்டி அசைந்தது, மறுபடி இறங்கியது. ஒரு மணி நேரம் போயிருக்கும். கரைமேல் ஒரு ஸ்கூட்டர் வரும் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டையில் என் கணவர். முன்னால் ஒரு கயிற்றுச் சுருள்.

ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினார். சக்கரத்தைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், நேராகப் போய்ப் பனைமரத்தடியில் கிடந்த காய்ந்த மட்டைகளை இழுத்து வந்தார். ரமோன் எழுந்து போய் மறுமுனையைப் பிடித்தார். இருவருமாக மட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். பிறகு என் கணவர் காரின் முன்பக்கத்தைக் காட்டி, ஸ்டியரிங் திருப்புவது போலக் கையால் சைகை செய்தார். சைகை எனக்கில்லை, ரமோனுக்கு.

ரமோன் ஏறினார். நாங்கள் மூன்று பேரும் ஆட்டுக்காரப் பெண்ணும் பின்னால் நின்று தள்ளினோம். வண்டி மட்டைமேல் ஏறிக் குதித்து வெளியே போனது. போகிற போக்கில் சக்கரம் வாரியடித்த சேறு முழுவதும் என் கணவர்மேல். தலை முதல் வேட்டி வரை. ரமோன் இறங்கி ஓடி வந்தவர் இவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

என் கணவர் கண்ணை மறைத்த சேற்றை வழித்துவிட்டுக்கொண்டு, "நோ ப்ராப்ளம்" என்றார்.

அந்த "வாங்க"வுக்குப் பிறகு அவர் ரமோனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கண்மாய் மடையோரம் இருவரும் இறங்கிக் குளித்தார்கள். இவர் தன் துண்டை அவரிடம் கொடுத்தார். கரையேறி வந்து, "நான் இவுகள ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வாரேன். நீங்க முன்னால போங்க" என்றார் என்னிடம். ரமோன் பின்னால் ஏறி உட்கார்ந்து, இவர் தோளில் கை வைத்துக்கொண்டார்.

காரில் நானும் லூர்துவும் மட்டும். லூர்து முன் சீட்டுக்கு வந்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும், "உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் நாங்கள் வந்தோம்" என்றார். நான் வேகத்தைக் குறைத்தேன்.

"குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. உங்கள் மகன் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறான். அப்பா வராமல் செய்யமாட்டேன் என்கிறான். ஆனால் அப்பாவிடம் கேட்கவும் மாட்டேன் என்கிறான்."

எனக்குத் தெரியாது. மகன் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் நடுவில் கிடந்து அல்லாடுவேன் என்று நினைத்திருப்பான். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "அவருக்கு மனம் நொந்துபோயிற்று, லூர்து. ஒரே பிள்ளை" என்றேன்.

"ரமோனுக்கும்தான்" என்றார் அவர். "ஏழு மாதம் மகளோடு பேசவில்லை. இந்தியா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டச் சொல்லிச் சத்தம் போட்டார். கல்யாணத்தன்று கோவிலுக்கு வந்தார். ஆனால் கடைசி பெஞ்சில், யாரோ எவரோ போல உட்கார்ந்திருந்தார்."

கல்யாணப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது, பீரோவுக்குள். அதில் ரமோன் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பார். அவர் முகமே அப்படி என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். வருத்தப்பட்டவர்கள் நாங்கள் மட்டும்தான் என்றும் நினைத்திருந்தேன். பெண்ணைக் கொடுத்தவர்களுக்கு என்ன, சந்தோஷமாகத்தானே இருப்பார்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று அந்த ரோட்டோரத்தில் வெட்கமாக இருந்தது. லூர்துவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்கிறேன்" என்றேன்.

ஆனால் கேட்கவில்லை. ஆண்கள் இருவரும் வீடு வந்து சேர மிகவும் தாமதமாயிற்று. வழியில் டீயும் வடையும் சாப்பிட்டார்களாம், எண்ணெய் மினுக்கும் காகிதத்தில் எங்களுக்கும் நான்கு வடை வந்தது. என் கணவர், "நாளைக்கு எங்க போறீக?" என்றார்.

"காளையார்கோவில் பக்கம்னு நெனச்சிருக்கேன்."

"அப்ப நம்ம ஊருக்கும் போவோம். நானும் வாரேன்."

அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டு, மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். அவர் சுபாவம் எனக்குத் தெரியும். சொல்லாத வரைக்கும்தான் மாறுவார். சொல்லிவிட்டால் மாறமாட்டார். ஆனால் சம்பந்திகள் மறுநாள் விட்டு அடுத்த நாள் காலை ஊருக்குக் கிளம்புகிறார்கள்.

மூன்றாம் நாள் காலை அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது பாதியை மட்டும் சொன்னேன். "அவுகளும் மகளோட ஏழு மாசம் பேசலையாம்."

"தெரியும். சொன்னாரு."

"எப்புடிச் சொன்னாரு? ஒங்களுக்கு இங்கிலீஷ்ல…"

"தாலுகா ஆபீஸ்ல முப்பது வருசம் இங்கிலீஷ்ல நோட்டுப் போட்டவன் நான்" என்றார். கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

கல்லல் வழியாகப் போனோம். ரமோனும் என் கணவரும் பின்னால், லூர்து என் பக்கத்தில். ரோட்டுக்கு மேலே புளியமரங்கள் கைகோத்து நின்றன. ஒரு ஊரில் தெரு நீளத்துக்குப் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளைப் பார்த்து, "இவர்கள் எல்லாம் எங்கே?" என்று ரமோன் கேட்டார். "சம்பாதிக்கப் போனாக" என்று என் கணவர் தமிழிலேயே சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். "எங்கள் கிராமத்திலும் இருக்கின்றன. கட்டியவர்கள் சவூதியில் இருப்பார்கள், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும்" என்றார் ரமோன். ஒரு லாரியை முந்தும்போது லூர்து பின்னால் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பேர் வலது காலும் தரையை அழுத்திக்கொண்டிருந்ததாம்.

என் கணவரின் சொந்த ஊர் காளையார்கோவிலைத் தாண்டி உள்ளே இருக்கிறது. இருநூறு வீடு, ஒரு கண்மாய், ஓட்டுக்கூரை போட்ட மாதா கோவில். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை சாவியோடு வந்து திறந்துவிட்டார். உள்ளே வௌவால் வாடையும் மெழுகுவாடையும். என் கணவர் ரமோனை நேராக ஞானஸ்நானத் தொட்டியிடம் அழைத்துப் போனார். கருங்கல் தொட்டி. அதன் விளிம்பில் கைவைத்து, "மை பாதர். மீ. மை சன்" என்றார். ரமோனும் அந்த விளிம்பில் கை வைத்தார்.

கோவில்பிள்ளைக்கு எங்கள் வீட்டுக் கதை எதுவும் தெரியாது. சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டே, "பேரன் பொறந்துருக்கானாம்ல? எப்பத் தண்ணி ஊத்தப் போறீக?" என்று கேட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். லூர்துவுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் என் முகம் தெரிந்திருக்கும். என் முழங்கையைப் பிடித்தார்.

"தை மாசத்துல வச்சுக்கலாம்" என்றார் என் கணவர். "புள்ள சின்னது, இம்புட்டுத் தூரம் அலைக்க வேணாம். அங்கனக்குள்ளேயே ஊத்தட்டும். நான் போயிட்டு வாரேன்."

அவ்வளவுதான். இரண்டு வருடத்துச் சங்கதியைக் கோவில்பிள்ளையிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. லூர்துவிடம் ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரமோன் அவரிடம் என்னவோ அவர்கள் பாஷையில் சொன்னார். ஸ்கூட்டரிலேயே எல்லாம் முடிவாகியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் என் கணவர் என் போனை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். நாங்கள் படியில் உட்கார்ந்திருந்தோம். முதலில் என்ன பேசினார் என்று காதில் விழவில்லை. கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து மண்ணைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மகன் அழுதிருக்க வேண்டும். பிறகு குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அங்க குளிருமாடா? சட்டை எது மாதிரி கொண்டாரணும்?" அப்புறம், "இல்லல்ல, ஒங்கம்மாதான் ஓட்டிட்டு வந்தா. நல்லாத்தான் ஓட்டுறா."

கிளம்பும்போது, "சிவகங்கைக்கு விடு" என்றார்.

"எதுக்கு?"

"போட்டோ எடுக்கணும். பாஸ்போர்ட்டுக்கு."

"அதுக்கு இப்பல்லாம் அங்கனயே எடுத்துக்கிருவாகளாம்."

"விசாவுக்கு வேணும்ல? போட்டோ இல்லாம எந்த மனுவும் நகராது. எனக்குத் தெரியாதா?"

சிவகங்கையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஸ்டூடியோ திறந்திருந்தது. தலையைச் சீவிக்கொண்டு, முதல் பொத்தானையும் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூடியோக்காரர் கேமராவில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அய்யா, சிரிக்கப்படாது. இதுக்கு வாய மூடி இருக்கணும்."

மூடினார். விளக்கு அடித்தது. "பல்லு தெரியுதுய்யா" என்றார் ஸ்டூடியோக்காரர். மறுபடி. மறுபடியும் பல். அறுபத்தொரு வயது மனிதர், இரண்டு வருடமாக நான் பல்லைப் பார்க்காத மனிதர், உதட்டைக் கடித்துக்கொண்டு முயன்று பார்த்தார். "கொஞ்சம் எல்லாரும் வெளிய நில்லுங்கம்மா" என்று எங்களை அனுப்பிய பிறகுதான் நான்காவது படம் சரியாக விழுந்தது.

நல்ல படத்தை உறையில் போட்டு அவரிடம் கொடுத்தார்கள். கழித்துப்போட்டதில் ஒன்றை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.